சலூனா, பார்லரா? முடி வெட்டும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

திருச்சியில் என் கடைக்கு வேலை கேட்டு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பெண் பிள்ளை என்றால், "அக்கா, எனக்கு லேடீஸ் கட்டிங் மட்டும் போதும்." பையன் என்றால், "அக்கா, நான் ஜென்ட்ஸ் மட்டும் பண்றேன்." இருவருமே அதை ஒரு தகுதியைப் போலச் சொல்கிறார்கள். எனக்கோ, ஒரு கையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்து நிற்பது போலத் தெரியும்.

நானும் அப்படி வந்தவள்தான். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன பார்லரில் திரைச்சீலைக்குப் பின்னால் தொழில் பழகினேன். முதல் ஐந்து வருடம் ஓர் ஆணின் தலையில்கூடக் கத்தரி வைத்ததில்லை. அதனால் எதை எல்லாம் இழந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. புதிதாக வருகிறவர்கள் அந்த ஐந்து வருடத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பெண்கள், ஆண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

படி 1: இந்தக் கோட்டை யார் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தொழில் கற்க வந்த இடத்தில் பழைய கதை எதற்கு என்று தாண்டிப் போகாதீர்கள். வீட்டிலும் கடையிலும் உங்களைத் தடுக்கப் போகிற பேச்சுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

நம் ஊர்களில் முடிதிருத்துவது ஒரு சாதியின் ஆண்கள் தலையில் கட்டப்பட்ட வேலை. நாவிதர், மருத்துவர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். அந்த வீட்டு ஆண்கள் சவரம் செய்தார்கள், கட்டி கீறினார்கள், வைத்தியம் பார்த்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக ஊரின் பிரசவங்களைப் பார்த்தார்கள். கல்யாணத்துக்கும் இழவுக்கும் அவர்கள் வேண்டும். ஆனால் வாசலோடு நிற்க வேண்டும். கத்தி பிடிப்பது அந்த ஆணுக்கு, பிரசவம் பார்ப்பது அந்தப் பெண்ணுக்கு என்று வேலை பிரிந்தே கிடந்தது.

மற்ற வீட்டுப் பெண்களின் முடியோ அம்மா கையிலும் அக்கா கையிலும் இருந்தது. எண்ணெய், பேன் சீப்பு, ஜடை, பூ. கத்தி வருவது வேண்டுதலுக்கு, அல்லது கொடுமைக்கு. விதவையான பெண்ணின் தலையை மழிக்கிற வழக்கம் சில சாதிகளில் இருந்ததும், அதைச் செய்ய நாவிதரைத்தான் வரவழைத்தார்கள் என்பதும் தெரிந்த கதை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். 1890 இல் பம்பாயில் தொழிற்சங்கத் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டேயின் முன்முயற்சியில் நாவிதர்கள் திரண்டு, இனி விதவைகளின் தலையை மழிக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். வரும்படி போனாலும் பரவாயில்லை என்று கத்தியைக் கீழே வைத்த ஆண்கள் அவர்கள். நம் தொழிலின் முன்னோர்கள் என்று நான் அவர்களைத்தான் சொல்வேன்.

பிறகு நகரங்களில் பார்லர் வந்தது. பெண்களுக்காகப் பெண்கள், உள்ளே ஆண் வரக் கூடாது. சலூன் ஆண்களுக்காக ஆண்கள் என்று அப்படியே நின்றது. 2000 இல் சென்னையில் தொடங்கிய நேச்சுரல்ஸ், அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்த கிரீன் டிரெண்ட்ஸ் போன்ற தொடர்கடைகள் பரவிய பிறகு 'யுனிசெக்ஸ்' என்ற சொல் நம் சின்ன ஊர்ப் பலகைகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் பல கடைகளில் பலகை மட்டும்தான் ஒன்று. உள்ளே போனால் இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள்.

இந்தக் கோடு எவ்வளவு தற்செயலானது என்பதற்கு இந்தி சினிமாவைப் பாருங்கள். ஊரில் முடி வெட்டுவது ஆண் வேலை. மும்பைத் திரைத்துறைச் சங்கத்திலோ தலை அலங்காரம் பெண் வேலை, மேக்கப் ஆண் வேலை. பெண்களுக்கு 'ஹேர் டிரஸர்' என்ற சங்க உறுப்பினர் அட்டை மட்டும்தான் தருவோம், மேக்கப் கலைஞர் அட்டை கிடையாது என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக வைத்திருந்தார்கள். முறையாகப் பயிற்சி பெற்ற மேக்கப் கலைஞர் சாரு குரானா உச்ச நீதிமன்றம் வரை போனார். 2014 நவம்பர் 10 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் யு.யு. லலித்தும் அந்த விதி அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று ரத்து செய்தார்கள். ஒரே தலை, ஒரே முகம். கழுத்துக்கு மேலேயே எங்கே யார் தொடலாம் என்று சங்கம் வைத்து எல்லை பிரித்திருக்கிறார்கள். யாராவது "இது பொம்பளைங்க வேலை", "இது ஆம்பளைங்க வேலை" என்று சொன்னால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

படி 2: வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்

பெண் பிள்ளைகளுக்கு வரும் கேள்வி: "ஆம்பளை தலையையா தொடப் போற?" பார்லர் வேலைக்குப் போகிற பையனுக்கு: "பொம்பளைங்க வேலையா பாக்கப் போற?" இரண்டிலும் ஒட்டிக்கொண்டே இன்னொன்று வரும்: "அது அந்த ஜாதிக்காரங்க தொழிலாச்சே." தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை என்றால் நேர் எதிராக, "இதிலிருந்து வெளிய போகத்தானே உன்னைப் படிக்க வைச்சோம்" என்று அப்பா கலங்குவார். அந்தக் கலக்கத்தில் நியாயம் இருக்கிறது. வாக்குவாதம் செய்யாதீர்கள். அவர் பட்ட அவமானத்தை நீங்கள் பட்டதில்லை.

நான் பார்த்தவரை விளக்கத்தைவிட நேரில் காட்டுவதுதான் வேலை செய்கிறது. சேரப் போகிற கடைக்கு அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். என் கடையில் அப்படி உட்கார்ந்த ஓர் அம்மா, கிளம்பும்போது தன் முடியின் நுனியையும் வெட்டிவிடச் சொன்னார். வெட்டியது ஒரு பையன்.

முன்மாதிரி கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார்கள். மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டத்து சாந்தாபாய் யாதவ், 1984 இல் கணவர் இறந்ததும் பெண் குழந்தைகளைக் காப்பாற்ற அவருடைய கத்தியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆண்களுக்குச் சவரம் செய்தவர். திருமலையில் மொட்டை போடும் இடமான கல்யாண கட்டாவில் பெண் பக்தர்களுக்கு முடி இறக்கப் பெண்களே இருக்கிறார்கள். சாமிக்கே ஏற்ற வேலை என்று சொன்னால் நம் பாட்டிகள் அதற்கு மேல் கேட்பதில்லை.

படி 3: எங்கே கற்பது

அரசு ஐ.டி.ஐ.களில் காஸ்மெட்டாலஜி ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்பு போதும், செலவு மிகக் குறைவு. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் அழகுக்கலைப் பயிற்சி இலவசம், சாப்பாடும் உண்டு. ஆனால் ஒரு மாத அளவில் முடிந்துவிடும். அடிப்படை பிடிபடும், கை பழகாது. தனியார் அகாடமிகளில் கட்டணம் லட்சத்தைத் தொடும். நான்காவது வழி பழையது: ஒரு கடையில் உதவியாளாகச் சேர்ந்து, முடி கூட்டிப் பெருக்கி, தலை அலசி, பார்த்துப் பார்த்துக் கற்பது. சம்பளம் குறைவு, நாள் அதிகம். ஆனால் கண் பழகிவிடும்.

பணம் கட்டும் முன் அகாடமியில் கேட்க வேண்டியவை சில உண்டு. படிப்பு முடிவதற்குள் எத்தனை உயிருள்ள தலைகளில் வெட்டுவேன்? டம்மி தலை எத்தனை தருவீர்கள்? ஆண் வெட்டும் பெண் வெட்டும் இரண்டும் பாடத்தில் இருக்கிறதா? பெண் மாணவிகளுக்குக் கிளிப்பரும் தாடியும், ஆண் மாணவர்களுக்குப் புளோ டிரையும் கலரும் சொல்லித் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு, "பொண்ணுங்களுக்கு அது தேவைப்படாதும்மா" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். என்னிடமும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னார்கள். நான் எழுந்து வரவில்லை. பாதிப் படிப்புக்கு முழுப் பணம் கட்டினேன்.

படி 4: கை பழகுதல்

தலைமுடியில் ஆண் முடி, பெண் முடி என்று இரண்டு சாதி கிடையாது. ஒரே புரதம், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளர்ச்சி. நெற்றி ஓரம் ஏறுவதும் உச்சியில் வழுக்கை விழுவதும் ஆண்களிடம் அதிகம். பெண்களுக்கு வகிடு அகலமாகித் தெரியும். தாடி ஒரு தனி வேலை. மற்றபடி அடர்த்தி, சுருட்டை, சுழி, பிடரி முடி எந்தத் திசையில் வளர்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், பாலுக்குப் பால் மாறாது.

ஆனால் தொழில் இரண்டாகப் பிரிந்ததால் நுட்பங்களும் பிரிந்துவிட்டன. பார்லர் பக்கம் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, விரலுக்கு நடுவில் பிடித்து, கோணம் பார்த்து வெட்டுவது வளர்ந்தது. முடி விழுகிற இடத்திலேயே பிடித்து வெட்டினால் ஒரே நீளம். கொஞ்சம் தூக்கி, 45 பாகையில் வெட்டினால் நுனியில் கனம் சேரும். தலைக்குச் செங்குத்தாக, 90 பாகையில் பிடித்தால் லேயர். யு கட், ஸ்டெப் கட், லேயர் கட் எல்லாமே இந்தக் கணக்குதான். சலூன் பக்கமோ சீப்பின்மேல் கத்தரி ஓட்டுவதும் மிஷினும் கத்தியும் வளர்ந்தன. மிஷினில் மாட்டுகிற சீப்பு போன்ற கார்டுதான் எவ்வளவு முடி மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கும்: 1 என்றால் 3 மி.மீ., 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குக் கோடு தெரியாமல் கரைப்பதுதான் ஃபேட். இது மணிக்கட்டில் இருக்கிற வேலை. பார்த்து எழுதி வைத்துக் கற்க முடியாது.

முதன்முதலில் நான் ஓர் ஆணுக்கு வெட்டியது என் தம்பிக்கு. மேலே எல்லாம் அழகாக வந்தது. பிடரியில் வந்து நின்றேன். எங்கே முடிப்பது என்றே தெரியவில்லை. நேர்க்கோடு போடப் போய், ஒரு பக்கம் ஏறி, அதைச் சரி செய்ய மறுபக்கம் ஏற்றி, கடைசியில் கோடு காது மட்டத்துக்கு வந்துவிட்டது. ஒரு வாரம் தொப்பி போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனான் பாவம்.

அப்போதுதான் எங்கள் தெரு முனைச் சலூன்காரரிடம் போய் நின்றேன். அறுபது வயது இருக்கும் அவருக்கு. நம் ஊரில் சலூன்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. "செவ்வாய்க்கிழமை வா பாப்பா, ஆள் வராது" என்றார். ஷட்டரைப் பாதி இறக்கி, அவருடைய பேரன்களை வரிசையாக உட்கார வைத்து எனக்கு மிஷின் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். தலையை ஒட்டியே ஓட்டாமல், தலை வளைகிற இடத்தில் மிஷினை வெளியே வாங்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டியது இன்னும் கையில் இருக்கிறது. பதிலுக்கு அவருக்கு நான் கலர் கலக்கக் கற்றுக்கொடுத்தேன். நாற்பது வருடம் சாயம் பூசியவர், கலரோடு கலக்கிற டெவலப்பரில் 20 வால்யூம் என்றால் 6 சதவீதப் பெராக்சைடு என்பதை அன்றைக்குத்தான் கேட்டார். இரண்டு பேருக்கும் வருமானம் கூடியது.

ஆகவே பார்லர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் செவ்வாய்க்கிழமைகளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிச் சலூன்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கற்றுத் தரத் தயங்குகிறவர்கள் குறைவு. சலூன் பக்கத்திலிருந்து வரும் தம்பிகள் முதலில் வீட்டில் அம்மாவுக்கோ தங்கைக்கோ வாரம் ஒருமுறை தலை வாரி ஜடை பின்னிவிடுங்கள். நீள முடியின் எடை, சிக்கு, ஈரத்தில் அது நீளும் அளவு எல்லாம் விரலுக்குத் தெரிய வேண்டும். சுருட்டை முடியை ஈரத்தில் அளந்து வெட்டி, காய்ந்ததும் இரண்டு அங்குலம் மேலே போய் நின்ற கதை இல்லாத பையனை நான் பார்த்ததில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு தலைக்கும் ஒரு வரி: முடி எப்படி, என்ன கேட்டார், என்ன வெட்டினேன், எங்கே தப்பியது. முந்நூறு தலை எழுதிவிட்டால் பயம் போய்விடும்.

கத்தரி பற்றி ஒன்று. பெண்கள் கைக்கு 5.5 அங்குலம், ஆண்கள் கைக்கு 7 அங்குலம் என்று கடைக்காரர் எடுத்துப் போடுவார். அளவைத் தீர்மானிப்பது உங்கள் உள்ளங்கையும் செய்யப் போகிற வேலையும்தான். விரலுக்கு நடுவில் வெட்ட 5.5, சீப்பின்மேல் ஓட்ட 6.5 அல்லது 7. இடது கைக்காரர்கள் இடது கைக் கத்தரியைத் தேடி வாங்குங்கள்.

படி 5: நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் என்ன கேட்பது

இதைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. ஆளைப் பார்த்ததும் மனம் ஒரு வெட்டை முடிவு செய்துவிடும். அதை நம்பாதீர்கள். முடியைப் பற்றிக் கேளுங்கள். தினமும் பின்னுவீர்களா, விரித்து விடுவீர்களா? பூ வைப்பீர்களா? ஹெல்மெட் போடுவீர்களா? வாரத்துக்கு எத்தனை தடவை தலைக்குக் குளிப்பீர்கள், எண்ணெய் உண்டா? வகிடு நடுவிலா, பக்கத்திலா? எவ்வளவு குறைக்கலாம் என்று விரலால் காட்டுங்கள். "கொஞ்சம்" என்பதற்கு ஒவ்வொருவர் அகராதியிலும் ஒவ்வோர் அளவு.

ஒரு பெண் வந்து ஒட்ட வெட்டச் சொன்னால், "வீட்டுல கேட்டீங்களா?", "உங்க ஹஸ்பண்ட் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்று கேட்கிற பழக்கம் நம் கடைகளில் இன்னும் இருக்கிறது. அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தத் தலை அவருடையது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: "நீளம் திரும்ப வர ரெண்டு, மூணு வருஷம் ஆகலாம், பரவாயில்லையா?" பரவாயில்லை என்றால் வெட்டுங்கள். கீமோ சிகிச்சைக்கு முன்னால் முடியை எடுத்துவிட வருகிற பெண்கள் உண்டு. அவர்களிடம் காரணம் தோண்டாதீர்கள், கடையின் ஓரமான நாற்காலியைக் கொடுங்கள், அவசரப்படாதீர்கள். முடி நீளமாக வளர்க்கிற பையனிடமும் "ஏன் தம்பி?" வேண்டாம்.

திருநம்பி ஒருவர் கிராப் கேட்டு வருகிறார் என்றால் அவருக்கு வேண்டியது கிராப். பக்கவாட்டில் கிருதாவைச் சதுரமாக முடிப்பதா, கூராக விடுவதா என்று கேளுங்கள். அந்தச் சின்னக் கோடுதான் முகத்தின் சாயலை மாற்றுவது. திருநங்கைகள் வளர ஆரம்பித்த முடியோடு வருவார்கள். நெற்றி ஓரம் ஏறியிருந்தால் அதை மறைக்கும் முன் முடியை எப்படி விடலாம் என்று காட்டிக் கொடுத்தால் அவர்கள் வேறு கடைக்குப் போவதில்லை. பெயரைக் கேட்டு அந்தப் பெயரால் கூப்பிடுங்கள். சார், மேடம் இரண்டில் எது என்று தடுமாறினால் "வாங்க, உட்காருங்க" போதும். நம் மொழியில் மரியாதைக்குப் பால் தேவையில்லை.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்தச் சாதிக்காரர் என்று பார்த்து வெட்ட மறுக்கிற கடைகள் இன்னும் ஊர்ப்புறங்களில் உண்டு. அது சட்டப்படி குற்றம். அப்படி ஒரு கடையில் உங்களைப் பயிற்சிக்குச் சேர்த்தால், அங்கே கற்க எதுவும் இல்லை.

படி 6: தொடுவதற்கு ஒரு ஒழுங்கு

நம் வேலையே தொடுவது. முன்பின் தெரியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் கொடுக்கிறார். அந்த நம்பிக்கைக்குத் தகுந்தபடி நடக்க வேண்டும்.

வெட்டுகிறவர் யாராக இருந்தாலும், தொடும் முன் சொல்லுங்கள். "தலையைக் கொஞ்சம் சாய்க்கிறேன்", "காதை மடிக்கிறேன்", "கழுத்துல முடி தட்டிவிடறேன்." துணியை நீங்களே போர்த்தாமல், முன்பக்கத்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். என் கடைப் பையன்களுக்கு முதல் வாரம் இதைத்தான் கற்றுத் தருகிறேன். இப்படிச் சொல்லிச் சொல்லி வேலை செய்கிற பையனிடம் வயதான பெண்களும் கூச்சமில்லாமல் உட்காருகிறார்கள்.

பெண் பிள்ளைகள் ஆண் வாடிக்கையாளரிடம் வேலை செய்யும்போது, எல்லையைக் கடை முதலாளி போட வேண்டும். தலை மசாஜ் தோளோடு நிற்கும். மூடிய அறை கிடையாது. யாராவது தப்பாகப் பேசினால் வெட்டைப் பாதியில் நிறுத்தலாம், சம்பளத்தில் பிடிக்க மாட்டோம். இதை வேலைக்குச் சேரும் அன்றே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு ஓர் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். நம் கடைகளில் பெரும்பாலும் ஐந்து பேர், ஆறு பேர். அப்படியானால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொல்லை கொடுத்தவர் முதலாளியா, கூட வேலை செய்கிறவரா, வாடிக்கையாளரா என்பது புகாரைத் தடுக்காது.

படி 7: உடம்பு

பிளேடு ஒரு தலைக்கு ஒன்று, உடைத்துப் போட்டுவிட வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைட்டிஸ் பி, எச்.ஐ.வி. இரண்டுமே இரத்தம் வழியாகப் போகக்கூடியவை. சீப்பும் கத்தரியும் ஒவ்வொரு தலைக்குப் பிறகும் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். சாயம் பூசும் முன் காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்வது வாடிக்கையாளர் நன்மைக்கு. கையுறை உங்கள் நன்மைக்கு. தினம் இருபது தலை அலசினால் விரல் இடுக்கு வெடித்துப் புண்ணாகும், அதை ஒரு விதி போல ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

முடியை நேராக்குகிற ஸ்மூத்தனிங் மருந்துகளில் சிலவற்றை முடியில் தடவி இஸ்திரி போட்டுச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வெளிவரும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது என்றால் சன்னலைத் திறந்து வெளியே வாருங்கள். கர்ப்பமாக இருக்கும் பிள்ளைகளை இந்த வேலையில் நிறுத்தவே கூடாது. 'சின்ன வேலைதானே, உட்கார்ந்து இஸ்திரி மட்டும் போடு' என்று கர்ப்பிணிகளிடம் இதைத்தான் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

அடுத்தது கழிப்பறை. ஆண்கள் மட்டும் இருந்த சலூன்களில் பல இடத்தில் கழிப்பறையே கிடையாது. அவர்கள் வெளியே போய்விடுவார்கள். அங்கே வேலைக்குச் சேரும் பெண் பத்து மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நிற்பாள். சம்பளம் கேட்கும் முன் கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. உட்காருவதும் அப்படித்தான்: கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021 இல் சட்டத்திருத்தமே வந்திருக்கிறது. தலை இல்லாத நேரத்தில் உட்காருவது சோம்பல் கிடையாது.

படி 8: சம்பளமும் விலையும்

நான் வேலை செய்த, பார்த்த பெரிய கடைகளில் எழுதாத ஒரு பிரிவினை உண்டு. 'ஹேர்' பக்கம் பையன்கள், 'ஸ்கின்' பக்கம் பெண்கள். கட்டிங், கலர், ஸ்மூத்தனிங் எல்லாம் ஆயிரக்கணக்கில் பில் ஏறும் வேலை. திரெட்டிங், வேக்சிங் நூறுகளில் ஓடும். ஊக்கத்தொகை பில்லைப் பார்த்துத்தான் வருகிறது. ஆக, ஒரே நாளில் சேர்ந்த அக்காவும் தம்பியும் மூன்று வருடத்தில் வேறு வேறு சம்பளத்தில் நிற்பார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தோன்றாது. "நீ திரெட்டிங் நல்லா பண்றே" என்ற பாராட்டில்தான் இது தொடங்கும். பாராட்டை வாங்கிக்கொண்டு, வாரம் இரண்டு நாள் கலர் நாற்காலியில் நிற்கவும் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

விலைப் பட்டியலிலும் இதே கோடுதான். ஆண் வெட்டு 150, பெண் வெட்டு 500 என்று எழுதிய கடைக்கு ஒட்ட வெட்டிய பெண் வந்தால் என்ன வாங்குவது? தோள்வரை முடி வைத்த பையனிடம்? கலிபோர்னியாவில் 1995 லேயே ஆண், பெண் என்று பார்த்து முடி வெட்டுக்கு வேறு விலை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். வேலைக்கான நேரத்தையும் சிரமத்தையும் பார்த்து வைக்கலாம். என் கடையில் இப்போது மூன்று விலைதான்: காதுக்கு மேல், தோள்வரை, தோளுக்குக் கீழ். அலசிக் காய வைப்பது தனி. முதல் மாதம் சில ஆண்கள் முணுமுணுத்தார்கள். ஒட்ட வெட்டும் பெண்கள் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

படி 9: சொந்தக் கடை

மூன்று, நான்கு வருடம் வேலை பார்க்காமல் இதற்கு அவசரப்படாதீர்கள். இரண்டு நாற்காலியோடு தொடங்கப் போதுமான கடனுக்கு முத்ரா திட்டம் இருக்கிறது: சிசு வகையில் 50,000 ரூபாய் வரை, கிஷோர் வகையில் 5 லட்சம் வரை, அடமானம் இல்லாமல். ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் முடிதிருத்தமும் உண்டு. ஆனால் அது குலத்தொழிலை வளர்க்கிறது என்று சொல்லி தமிழ்நாடு அரசு அதை ஏற்காமல் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. சாதி, குடும்பத் தொழில் என்ற கட்டுப்பாடு இல்லாமல் 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். வயது 35 ஆகியிருக்க வேண்டும். பிள்ளைகளை வளர்த்துவிட்டுத் தொழிலுக்குத் திரும்பும் பெண்களுக்கு இது பொருந்தும். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

கடையை அமைக்கும்போது நான் செய்த தவறு ஒன்று. எல்லோரும் சமம் என்று ஆர்வத்தில் திரையையே எடுத்துவிட்டேன். ஹிஜாப் அணியும் என் பழைய வாடிக்கையாளர்கள் வருவது நின்றது. மொட்டை போட வந்த ஒரு பெண் தெருவைப் பார்த்தபடி உட்கார முடியாமல் திரும்பிப் போனார். இப்போது ஒரு நாற்காலிக்கு மட்டும் தடுப்பு இருக்கிறது. வேண்டும் என்பவர் யாராக இருந்தாலும் அங்கே உட்காரலாம். முகப்பருத் தழும்போடு வருகிற பதினாறு வயதுப் பையன்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

பலகையில் 'லேடீஸ் அண்டு ஜென்ட்ஸ்' என்று எழுதச் சொன்னார் பெயின்டர். 'முடி வெட்டப்படும்' என்று மட்டும் எழுதச் சொன்னேன். கீழே நேரம். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. அன்று காலை பத்து மணிக்கு ஷட்டர் பாதி திறந்திருக்கும். கற்க வருகிறவர்கள் கத்தரியும், வெட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிற ஒரு தலையும் கொண்டு வந்தால் போதும்.